கல் வாய்க்கால் அப்படியே இருந்தது, மேடுதான் போய்விட்டது

மழை விட்ட மறுநாள் காலை, சுரங்க மண்ணைக் கொட்டி நாங்கள் கட்டிய மேட்டுக்குப் போனபோது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை நாங்கள் பதித்திருந்த கல் வாய்க்கால் ஒரு கல்கூட நகராமல் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. கிட்டப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அதில் தண்ணீரே ஓடவில்லை, அப்புறம் கல் எப்படி நகரும்? தண்ணீர் பத்தடி தள்ளி, புல் விதைத்து மெத்தை மாதிரி வைத்திருந்த சரிவை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்த்தேன், விளிம்பு என் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது. போன மாதம் எண்ணி எண்ணி நட்ட கன்றுகளில் ஏழெட்டு, வேரோடு, பள்ளத்தின் அடியில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

திறந்தவெளிச் சுரங்கம் வெட்டி முடித்த பிறகு அந்த இடத்தைத் திரும்ப ஒரு நிலமாக ஆக்குவதுதான் என் வேலை. வெளியே சொன்னால் "ஓ, மரம் நடுறதா?" என்பார்கள். மரம் நடுவது இதில் கடைசி வேலை, சுலபமான வேலையும்கூட. முக்கால்வாசி நாள் நாங்கள் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டுகிறோம். தண்ணீருக்காகச் செய்யும் வேலை ஒரு பிரிவு, பறவை விலங்குகளுக்காகச் செய்யும் வேலை இன்னொரு பிரிவு என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்ட அறிக்கையிலும் அப்படித்தான், அத்தியாயம் நாலு வடிகால், அத்தியாயம் ஏழு வனவிலங்கு. அந்த நெஞ்சளவுப் பள்ளம்தான் என்னை அந்த நினைப்பிலிருந்து இறக்கிவிட்டது.

அந்த மேடு ஏன் அறுந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கனிமத்துக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் அகற்றிக் கொட்டுவோம், ஓபி என்போம். பூமிக்குள் இறுகிக் கிடந்தது உடைந்து வெளியே வந்ததும் உப்பிவிடும், கால் பங்கு வரைகூடக் கூடும். அதனால் வெட்டிய குழியிலேயே திரும்பக் கொட்டினாலும் பழைய மட்டம் வராது. ஒன்று மிச்சம் மேடாக நிற்கும், இல்லையென்றால் கனிமம் போன இடம் குழியாக நிற்கும், பெரும்பாலும் இரண்டும். கொட்டிய மண் கொட்டியபடியே இருக்கவும் இருக்காது, வருஷக்கணக்கில் அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்குமா என்றால் அதுவும் இல்லை, பாறை விழுந்த இடம் நிற்கும், களிமண் விழுந்த இடம் இறங்கும்.

நாங்கள் அந்த மேட்டைப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தோம். ஒவ்வொரு படியும் மழைநீரைப் பிடித்து, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கல் வாய்க்காலில் விட வேண்டும். நூறு அடிக்கு ஒரு அடி சரிவு. லெவல் வைத்துப் பார்த்துச் சரியாகத்தான் செய்தோம். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு படியின் நடுப்பகுதி அரை அடிக்கு மேல் அமுங்கியிருக்கிறது. வாய்க்காலைப் பார்த்து ஓட வேண்டிய தண்ணீர் நடுவில் குளமாகத் தேங்கி, விளிம்பில் தாழ்ந்த இடம் எது என்று பார்த்து வழிந்து, கீழ்ப்படியில் விழுந்து, அந்தப் படியின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததை உடைத்து, இப்படியே அடிவாரம் வரை போய்விட்டது. தண்ணீரைப் பிரித்து அனுப்பத்தான் படி வைத்தோம். கடைசியில் அத்தனை படியின் தண்ணீரையும் அது ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தது.

மண் தள்ளும் டோசர் இயந்திரத்தை ஓட்டிய பெரியவர் இதை முன்பே சொல்லியிருந்தார். "தம்பி, இந்த மூலைல டம்பர் கொட்டுனது பூரா களிமண்ணு. இது உக்காரும், வேணும்னா எழுதி வச்சுக்கங்க" என்றார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எந்த லோடு எங்கே விழுந்தது என்று குறிக்க என்னிடம் இருந்த வரைபடத்தில் கட்டமே கிடையாது. இப்போது இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வெட்டப்படாமல் நின்ற சரிவுகளை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். எங்குமே படி இல்லை, நேர்க்கோடும் இல்லை. உச்சியில் உருண்டு, நடுவில் செங்குத்தாகி, கீழே வர வரக் குழிந்து படுத்துக்கொள்கிறது. கீழே வர வரத் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும் இல்லையா, அதற்கேற்பச் சரிவும் குறைந்தால்தான் மண் தாங்கும். நாங்கள் கட்டிய மேடோ உச்சியிலிருந்து அடி வரை ஒரே சாய்வு, தண்ணீர் அதிகம் வரும் இடத்திலும் அதே சாய்வு. இன்னொன்றையும் கவனித்தேன். இயற்கைச் சரிவில் சின்னச் சின்ன ஓடைகள் கிளை கிளையாக இருக்கின்றன. எந்த ஓடைக்கும் பெரிய பாரம் இல்லை. மண்ணுக்கும் மழைக்கும் பாறைக்கும் ஏற்ப, இத்தனை ஏக்கருக்கு இத்தனை அடி ஓடை என்று நிலம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாம் அதைவிடக் குறைவாக ஓடை கொடுத்தால் மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். எங்கள் மேட்டில் வெட்டிக்கொண்டது.

இதைப் புதிதாகக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, தாமதமாகப் படித்தவன், அவ்வளவுதான். நிக்கோலஸ் புகோஷ் என்ற நிலவடிவியலாளர் இதையே ஒரு வடிவமைப்பு முறையாக்கியிருக்கிறார், ஜியோஃப்ளூவ் என்று பெயர். பக்கத்தில் பல காலமாக அரிக்காமல் நிற்கும் ஓடைகளை அளந்து, அவற்றின் சரிவு, வளைவு, அகலம், கிளைகளுக்கு இடையேயான தூரம் எல்லாவற்றையும் எடுத்து, அதே கணக்கில் புது நிலத்தை வடிவமைப்பது. செங்குத்தான இடத்தில் ஓடை இடமும் வலமுமாக ஒடிந்து ஒடிந்து போகும், சமநிலத்தில் வளைந்து வளைந்து போகும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லா பிளாட்டா நிலக்கரிச் சுரங்கத்தில் செய்த படங்களைப் பார்த்தால், சுரங்கம் இருந்த இடம் எது, பழைய நிலம் எது என்று சட்டென்று சொல்ல முடியாது.

அடுத்த மேட்டை நாங்கள் அந்த மாதிரி செய்தோம். முதல் நாள் பெரியவர் டோசரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "இத்தன வருஷமா வழிச்சு வழிச்சு நேராக்கச் சொன்னீங்க. இப்ப கோணலாப் போடுன்னா எப்படிப் போடுறது?" நியாயமான கேள்வி. நேராக்குவதற்குக் கண் போதும், கோணலாக்குவதற்கு டோசரில் ஜிபிஎஸ் வேண்டியிருந்தது. நாலு நாளில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் எங்கே ஓடை வளைய வேண்டும் என்று அவரே எனக்குக் காட்ட ஆரம்பித்தார்.

அந்த மேடு பார்க்க அழகாக இருக்காது. முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஆனால் ஒரு வருஷத்திலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. பழைய மேட்டில் எங்கு நின்றாலும் ஒரே புல், ஒரே வெயில், ஒரே ஈரம். புதியதில் ஒவ்வொரு குட்டிப் பள்ளத்தாக்குக்கும் நிழல் பக்கம் ஒன்று, வெயில் பக்கம் ஒன்று, ஓடை அடியில் ஈரம், முதுகில் வறட்சி. விதைத்தது ஒரே விதைக் கலவைதான், முளைத்தது இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. கோரை தானாக வந்து ஓடையடியில் உட்கார்ந்தது. அதன் பின்னால் தும்பி, தவளை, தவளைக்குப் பின்னால் பாம்பு. இதில் எதையும் அத்தியாயம் ஏழில் நாங்கள் எழுதவில்லை. தண்ணீர் அறுக்காமல் இருக்க என்று போட்ட மேடுபள்ளம்தான் இவற்றுக்கு வீடாக ஆனது.

சமன் செய்யும் ஆசை எவ்வளவு கெடுதல் என்பதற்குப் பெரிய உதாரணம் அப்பலேச்சியா மலைப்பகுதி. அமெரிக்காவில் 1977 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது, ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது. அதுவரை தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன நிறுவனங்கள், இனி நிலத்தை ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. ரொம்ப நல்ல சட்டம். ஆனால் மண் சரியக் கூடாது, அரிக்கக் கூடாது என்ற பயத்தில் என்ன செய்தார்கள் என்றால், டோசரை மேலும் கீழும் விட்டு இறுக்கோ இறுக்கென்று இறுக்கினார்கள். மேலே சீக்கிரம் பரவும் புல்லையும் செடியையும் விதைத்தார்கள், டால் ஃபெஸ்க்யூ என்ற புல், செரிசியா லெஸ்பெடீசா என்ற பயறு வகைச் செடி என்று. பச்சையாகிவிட்டது, சோதனையில் பாஸ். அதற்கு முன்பு அங்கே இருந்தது அடர்ந்த காடு. அந்த இறுகிய மண்ணில் மரக்கன்று வேர் விட முடியவில்லை, விட்டாலும் புல் தண்ணீரையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டது, புல்லுக்குள் ஒளிந்திருந்த எலிகள் கன்றின் பட்டையைக் கடித்தன. இருபத்தேழு வருஷம் கழித்து, 2004ல், அரசு அலுவலர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து காடு வளர்ப்புக்கென்று ஒரு முறையைப் பரப்ப ஆரம்பித்தார்கள். வேர் போக நாலடி ஆழத்துக்கு நல்ல மண், தளர்வாகப் பரப்பு, கன்றோடு சண்டை போடாத புல், சீக்கிரம் வளர்ந்து பறவை விலங்குக்கு உதவும் மரமும் நின்று வளரும் மரமும் கலந்து, ஒழுங்காக நடு. இதில் ரொம்பச் சிரமமானது எது தெரியுமா, தளர்வாகப் பரப்புவதுதான். ஏனென்றால் அதற்கு ஓட்டுநர் வேலையை நிறுத்த வேண்டும். இரண்டு நடைக்கு மேல் டோசர் போகக் கூடாது என்றால் யாருக்கும் மனசு வராது.

மண் வகையைப் பொறுத்து, ஒரு கன சென்டிமீட்டர் 1.6, 1.7 கிராமுக்கு மேல் கனத்தால் வேர் திணறும். அளக்கக் கருவி இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஊறிய மறுநாளும் அரை அடி இறங்கவில்லை என்றால் அங்கே மரம் நட்டுப் பயனில்லை, டோசருக்குப் பின்னால் மாட்டும் ரிப்பர் என்ற இரும்புக் கொக்கியைப் போட்டுக் கிழித்துவிட்டுத்தான் நட வேண்டும். இறுகிய மண்ணில் தண்ணீரும் இறங்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெய்ததெல்லாம் மேலோடு ஓடி வடிகாலுக்கே வரும், வடிகால் தாங்காது, அரிக்கும். அரிப்புக்குப் பயந்து இறுக்கினால் அந்த இறுக்கமே அரிப்பைக் கொண்டுவருகிறது. இதைப் புரியவைக்க நான் பல கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன்.

மேல்மண் விஷயம் தனிப் பதிவாக எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்மண்ணை முதலிலேயே தனியாக வழித்து மலை மாதிரி குவித்து வைப்பது வழக்கம். வருஷக்கணக்கில் அப்படிக் கிடந்தால் உள்ளே காற்றுப் போகாமல் அதில் உள்ள பூஞ்சை, நுண்ணுயிர், விதை எல்லாம் நாளாக நாளாகச் செத்துப்போகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா மரக் காடுகளுக்கு அடியில் பாக்சைட் எடுக்கிறார்கள். அங்கே மேலே இருக்கும் 15 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாக எடுத்து, முடிந்தவரை குவிக்காமல், நேராகச் சீரமைப்புக்குத் தயாராக இருக்கும் பக்கத்துக் குழியில் கொண்டுபோய்ப் பரப்புகிறார்கள். முளைக்கும் செடிகளில் பெரும்பங்கு அந்த மண்ணிலேயே தூங்கிக்கொண்டிருந்த விதை. காட்டுத்தீ பழகிய தாவரங்கள் என்பதால் சிலவற்றுக்குப் புகை காட்டினால்தான் முளைக்கும், அதனால் விதைப்பதற்கு முன் விதைக்குப் புகை போடுகிறார்கள். வாங்கி விதைத்து இவ்வளவு இனங்களை யாராலும் கொண்டுவர முடியாது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பதோடு கதை முடிவதில்லை, எதைக் கரைத்துக்கொண்டு போகிறது என்பதும் இருக்கிறது. நிலக்கரியோடும் உலோகத் தாதுக்களோடும் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு வரும். பூமிக்குள் காற்றுப்படாமல் கிடக்கும்வரை அது சாதுவாக இருக்கும். வெளியே எடுத்துக் கொட்டினால் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் ஆகும், சில பாக்டீரியாக்கள் அந்த வேலையை இன்னும் வேகமாக்கும். அமிலம் மற்ற உலோகங்களைக் கரைக்கும். கீழே ஓடையில் போய் நீர்த்துப்போன இடத்தில் இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாகப் படியும், கல்லெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருக்கும், கல்லுக்கு அடியில் ஒரு புழு பூச்சி இருக்காது. இந்த ஓபியை அடையாளம் கண்டு, தண்ணீர் தொடாத மாதிரி நடுவில் வைத்துக் களிமண்ணால் மூடுவதுதான் முதல் வேலை. மேலே கொட்டிவிட்டு அப்புறம் சுண்ணாம்பு போட்டுச் சமாளிக்கலாம் என்றால், எத்தனை வருஷம் போடுவீர்கள்? அமிலம் வருவது பத்து இருபது வருஷத்தில் நிற்கிற விஷயம் இல்லை. ஸ்பெயினில் ரியோ டின்டோ ஆற்றின் சிவப்புக்கு ஆயிரக்கணக்கான வருஷத்துச் சுரங்க வேலையும் ஒரு காரணம்.

அமிலம் இல்லாவிட்டாலும் ஆபத்து முடியவில்லை. உடைந்த பாறை வழியாகப் போகும் தண்ணீர் உப்புகளைக் கரைத்துக்கொண்டு போகும். பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் குஞ்சுகள் அதில் தங்காது. அப்பலேச்சியாவின் மையப் பகுதி ஓடைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011ல் வெளியிட்ட அளவுகோல், தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ். அதற்கு மேல் போனால் பூச்சி இனங்கள் காணாமல் போக ஆரம்பிக்கும். பூச்சி போனால் மீன், மீன் போனால் பறவை. அதனால் இப்போது நான் ஓடைக்குப் போனால் மீட்டரை எடுப்பதற்கு முன்பே ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிடுவேன்.

கெட்ட தண்ணீர் இருக்கும் இடத்தில் வாழிடம் உண்டாக்குவது என்பது பொறி வைப்பது மாதிரி. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் பெர்க்லி குழி என்று ஒரு செப்புச் சுரங்கம். 1982ல் பம்புகளை நிறுத்தினார்கள், நிலத்தடி நீர் ஏறிக் குழி ஏரியானது. அமிலமும் செம்பும் துத்தநாகமும் கலந்த ஏரி. 1995ல் வலசை வந்த பனி வாத்துகள் அதில் இறங்கித் தங்கின, 342 செத்துக் கிடந்தன. 2016ல் பனிப்புயலில் சிக்கிய பெருங்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது, ஆயிரக்கணக்கில் செத்தன. பறவைக்கு மேலிருந்து பார்க்க அது ஒரு ஏரி. இப்போது அங்கே ஆள் வைத்துச் சத்தம் போட்டு விரட்டுகிறார்கள்.

குழி ஏரியில் கரையும் ஒரு தலைவலி. தண்ணீர் ஏறும்போது தளர்வாகக் கொட்டிய மண் திடீரென்று கூழாகி ஓடிவிடும். ஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் பழைய நிலக்கரிக் குழியைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது 2009 ஜூலை 18 அன்று கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேரை ஏரிக்குள் கொண்டுபோனது. இந்த மாதிரி ஆபத்து இருப்பதால்தான் அதே நாட்டின் லவுசிட்ஸ் என்ற பழைய நிலக்கரிப் பகுதியின் ஏரிகளில் கரையை வருஷக்கணக்கில் இடித்து இடித்து இறுக்குகிறார்கள். ஆமாம், அங்கே இறுக்கத்தான் வேண்டும். மேலே இறுக்காதே என்று கத்தியவனே இதையும் சொல்கிறேன், இடம் பார்த்துத்தான் எதையும் செய்ய முடியும்.

தண்ணீர் நல்லதாக இருந்தால் கரையைத் தண்ணீர்க்கோட்டுக்கு அருகில் ரொம்ப மெதுவாகச் சரியவிட வேண்டும், பத்தடி நடந்தால் ஒரு அடி ஆழம் என்கிற மாதிரி. செங்குத்தாக வெட்டிய குட்டையில் தண்ணீர் இருக்கும், உயிர் இருக்காது. கணுக்கால் ஆழத் தண்ணீரில்தான் நாணலும் சம்பும் வரும், நீண்ட காலுள்ள பறவைகள் மேயும், மீன்குஞ்சு ஒளியும். இங்கிலாந்தில் ஆட்டன்பரோ இயற்கைக் காப்பிடம் முழுக்கப் பழைய சரளைக்கல் குழிகள்தான், 1966ல் டேவிட் ஆட்டன்பரோ திறந்து வைத்தது.

வற்றாத குட்டை மட்டும் போதாது என்பதையும் ஒரு தப்பில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு முறை மேட்டடியில் டம்பர் புதைந்து எடுத்த தடத்தை மூட மறந்துவிட்டோம். இரண்டு நீளப் பள்ளம், முழங்கால் ஆழம்கூட இல்லை. ஆய்வுக்கு வந்தவர் அதைக் குறைகள் பட்டியலில் முதலில் எழுதினார். மூட ஆள் அனுப்புவதற்குள் மழை பெய்து நிரம்பிவிட்டது, சரி வடியட்டும் என்று விட்டோம். மூன்று வாரம் கழித்துப் போனால் ஒரு தடம் முழுக்கத் தலைப்பிரட்டை, தண்ணீர் கருப்பாகத் தெரிகிற அளவுக்கு. நூறு அடி தள்ளி நாங்கள் செலவழித்துக் கட்டிய பெரிய குட்டையில் ஒன்றுகூட இல்லை. அதில் மீன் இருந்தது, முட்டையைத் தின்றுவிட்டிருக்கும். கோடையில் வற்றிப்போகும் பள்ளத்தில் மீன் தங்காது, அதனாலேயே தவளைக்கு அது பத்திரம். அந்தக் குறையை அடுத்த வருஷம் திட்டத்திலேயே சேர்த்தோம், "பருவகாலக் குட்டைகள், எண்ணிக்கை 12" என்று. அப்படி எழுதியதும் அது குறையாக இல்லாமல் போய்விட்டது.

கல் குவியலும் பட்ட மரமும் இதே கதைதான். நிலத்தைச் சுத்தம் செய்யும்போது வரும் கட்டைகளையும் வேர்களையும் எரித்துவிடச் சொல்வார்கள். எரிக்காமல் குவித்து வைத்தால் பல்லிக்கும் பாம்புக்கும் கீரிக்கும் அதுதான் வீடு. இலையில்லாத பட்ட மரத்தை நட்டு வைத்தால் பறவைகள் வந்து உட்காரும், எச்சமிடும், எச்சத்தில் விதை இருக்கும். எங்கள் மேட்டில் நட்ட கம்பங்களில் ஒன்றைச் சுற்றி, நாங்கள் விதைக்காத செடி வட்டமாக முளைத்திருந்ததை மண்டியிட்டு எண்ணியிருக்கிறேன், பதினேழு. எல்லாக் கம்பத்துக்கும் இது நடக்காது. பக்கத்தில் பழம் தரும் காடு இருந்தால்தான் பறவை விதை கொண்டுவரும், சில கம்பங்களுக்கு அடியில் வெறும் எச்சம்தான்.

பழைய காடு அப்படியே திரும்ப வருமா என்று கேட்பவர்களிடம் நான் ஆமாம் என்று சொல்வதில்லை. வருவது வேறு ஒன்று, சில சமயம் எதிர்பாராதது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 1997க்கும் 2002க்கும் இடையில் 1500க்கு மேற்பட்ட எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய சுரங்க நிலங்களின் புல்வெளியில் அவை பெருகிவிட்டன. இண்டியானா மாநிலத்தில் புல்வெளிகள் அழிந்து அருகிப்போன ஹென்ஸ்லோ சிட்டுகள் சீரமைத்த நிலக்கரி நிலங்களில் கூடு கட்டுகின்றன. நான் மேலே திட்டிய அதே மாதிரிப் புல்வெளிகள்தான். காட்டுப் பறவைக்கு இழப்பு, புல்வெளிப் பறவைக்கு வரவு, இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். எனக்குக் கோபம் வருவது கால அளவில். அந்த 1977 சட்டப்படி கடைசியாக விதைத்துப் பராமரித்ததிலிருந்து 5 வருஷம், மழை குறைந்த பகுதி என்றால் 10 வருஷம், அதுவரைதான் நிறுவனத்தின் பொறுப்பு. காட்டில் ஆந்தை தங்கும் பொந்து உண்டாக நூறு வருஷம் ஆகும். ஐந்தாம் வருஷம் எது கண்ணுக்குத் தெரியுமோ அதைத்தான் எல்லோரும் செய்வார்கள், அது புல்.

அந்த முதல் மேட்டுக்கு வருகிறேன். நெஞ்சளவுப் பள்ளத்தை உடனே மூட வேண்டும் என்றுதான் உத்தரவு. மேல்பாதியைச் சரிசெய்து, தண்ணீரை மூன்று சின்ன ஓடையாகப் பிரித்துவிட்டோம். கீழ்ப்பாதிக்குப் பணம் வர ஒரு வருஷம் ஆனது. அதற்குள் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில், மணல் அடுக்கு தெரிந்த இடத்தில், கை நுழைகிற அளவில் ஓட்டைகள். முதலில் எலி என்று நினைத்தேன். தூரத்தில் உட்கார்ந்து பார்த்ததில் பஞ்சுருட்டான்கள், ஒன்று வாயில் தும்பியோடு வந்து உள்ளே போனது. பெரும்பாலும் செங்குத்தான மணல் சுவரில்தான் அவை வளை தோண்டும், நாங்கள் கட்டிய எந்தச் சரிவிலும் அப்படி ஒரு சுவர் இல்லை.

மூடவில்லை. மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் வராமல் மேலே ஒரு கரை போட்டோம், சுவரை அப்படியே விட்டோம். விட்டால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. இரண்டு பருவத்தில் சுவர் சரிந்து சாய்வாகிவிட்டது, புல்லும் ஏறிவிட்டது, போன வருஷம் மூன்று வளைதான் இருந்தது. அதனால் பறவைகள் வருவதற்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு கை செதுக்கிச் செங்குத்தாக்க வேண்டும். அரை நாள் வேலை. எக்ஸ்கவேட்டர் கேட்டு எழுதியிருக்கிறேன், எதற்கு என்ற கட்டத்தில் "பள்ளம் பராமரிப்பு" என்று போட்டேன், இது என்ன புதுசாக என்று கேட்டு நேற்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.